முதுகு நீங்கலாக

மூன்று கம்பெனிகளின் தாள்களை
சமையலறை மேசையில் பரப்பி வைத்திருக்கிறேன்.
ஹார்னோசாண்டில் டிசம்பர்,
மூன்று மணிக்கே இருட்டு.
மேசைக்குக் கீழே என் பாதத்தின் மேல்
தாடையை வைத்துக்கொண்டு கோர்வ்.
தொத்திறைச்சி என்று பொருள்.
பெயர் வைத்தது நானில்லை.

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானமாம்.
இதற்கு இருப்பதே இரண்டரைச் சாண்,
அதில் இரண்டு சாண் முதுகு.
டாக்ஸண்ட் சாதிக்கு
எது உடைந்தாலும் அங்கேதான் உடையுமாம்.

முதல் கம்பெனி மலிவு.
நாற்பதாயிரம் குரோனர் வரை தருவார்கள்,
ஸ்கேன் எடுத்து முடிப்பதற்குள் பாதி கரைந்துவிடும்.
இரண்டாவது எண்பதாயிரம்.
மூன்றாவதன் மாதத் தவணையைப் பார்த்துவிட்டு
காபி போட எழுந்துபோனேன்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் என்னோடு
இரவுப் பணி பார்க்கும் ராக்னில்ட்
இன்ஷூரன்ஸ் இல்லாமல் இருந்தவள்.
ஆபரேஷனுக்குப் படகை விற்றாள்.
நாய் இன்னும் நாலு வருஷம் நடந்தது.
படகு இருந்திருந்தால் மட்டும்
எங்கே போயிருக்கப் போகிறேன் என்கிறாள்,
விரிப்புகளை மடித்துக்கொண்டே.

ஏழாவது கேள்வி: நாயை வாங்கிய விலை.
எதிர்வீட்டு ஏவால்ட்
முதியோர் இல்லத்துக்குக் கிளம்பிய அன்று
வாரையும் மஞ்சள் போர்வையையும்
அரைமூட்டை உருளைக்கிழங்கையும் கொடுத்தார்.
பதிலுக்கு நான் கொடுத்தது
ஞாயிறுதோறும் வருவேன் என்ற வார்த்தை.
அதில் நாலைந்து ஞாயிறு பாக்கி.
கட்டத்தில் எண் மட்டும்தான் எழுத வேண்டுமாம்.

பதினொன்றாவது கேள்வி:
எப்போதாவது நொண்டியதுண்டா,
முதுகு நொந்ததுண்டா,
படி ஏற மறுத்ததுண்டா?

அக்டோபரில் இரண்டு நாள்.
வாசலில் மூன்றே படி.
அடியில் நின்று என்னைப் பார்த்தது,
குரைக்கவில்லை.
தூக்கிக்கொண்டு போனேன்.
மூன்றாம் நாள் தானே ஏறியது.
டாக்டரிடம் போகவில்லை, எங்கும் பதிவில்லை.
எனக்குத் தெரியும், படிகளுக்குத் தெரியும்.

இல்லை என்று எழுதினால் முழு நாய்.
ஆம் என்று எழுதினால் முதுகு நீங்கலாக.
இதில் முதுகை நீக்கினால்
இரண்டு காது, ஒரு வாய்,
கடைசியில் ஒரு வால்,
நடுவில் காற்று.

இரண்டாவது கம்பெனிக்குப் போன் செய்தேன்.
மெல்கர் என்றான், சின்னக் குரல்.
படிக்கதையைச் சொன்னேன்.
டாக்டரிடம் காட்டினீர்களா?
இல்லை.
அப்படியானால்... என்றவன்
மேலே பேசவில்லை.
விசைகளைத் தட்டும் சத்தமும் நின்றது.
எனக்காக ஒரு கதவைத் திறந்துவைத்து
முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்று புரிந்தது.

இரண்டு நாள் ஏறவில்லை, எழுதிக்கொள் என்றேன்.

தட்டினான்.
எப்படித் தூக்கினீர்கள் என்று கேட்டான்.
ஒரு கை நெஞ்சுக்கடியில், ஒரு கை பின்பக்கம்.
அப்படித்தான் தூக்க வேண்டும் என்றான்,
எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது.
ஒரு வருஷம் நோவில்லாமல் கழிந்தால்
டாக்டர் சீட்டோடு மறுபடி கேளுங்கள்,
நீக்கியதைச் சேர்க்கச் சில சமயம் ஒப்புவார்கள்.

விலைக்கு என்ன போட?
சைபர் போட்டால் கணினி ஏற்காது.
ஒன்று போடு.

ஆக, காதுக்கும் பல்லுக்கும் குடலுக்கும்
இன்றிலிருந்து காப்பு உண்டு.
முதுகு என் பொறுப்பு.
சனிக்கிழமை பலகை வாங்க வேண்டும்,
படிகளின் மேல் சாய்த்துப் போட.
வழுக்காமலிருக்க மேலே பழைய கம்பளம்.

ஞாயிறு ஏவால்டிடம் போகிறேன்.
உங்கள் காலத்திலும் படியில் தயங்கியதா என்று
கேட்கப்போவதில்லை.
எத்தனை சாய்வு வைக்கலாம் என்று கேட்பேன்.
தச்சரில்லை, தபால்காரர்தான்.
முப்பத்தெட்டு வருஷம்
நாய்களுக்குப் பயந்து பயந்து
இந்த ஊரின் எல்லாப் படியும் ஏறியவர்.